நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு ஊசி?

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் நாக்பூர் வீட்டில் போன் அடித்தால் அது மதுரைதான். மாமியார் பேசுவார். முதலில் வெயில் விசாரணை, அப்புறம் பேத்தி படிப்பு, கடைசியில் தவறாமல் அந்தக் கேள்வி. "ஏன் மாப்ளே, அவதான் இப்ப நல்லா இருக்காளே, இன்னும் எதுக்கு அந்த ஊசி?"

மாமியார் ஒருத்தர் மட்டும் என்றால் பரவாயில்லை. சென்னையில் இருக்கும் அக்கா கேட்கிறார். சகலை கேட்கிறார். போன வருஷம் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், தட்டை வாங்கிக்கொண்டே திரும்பிக் கேட்டார். யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி இவ்வளவு ஆபத்தானது என்கிறேன். இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு கேள்விக்கு எதிராகத்தான். கொஞ்சம் சூடாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொந்தக் கதை. தங்கமணிக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம் என்கிறார்கள். பேரைச் சொன்னதுமே "அது வயசானவங்களுக்கு வர்றதாச்சே" என்பார்கள். 2014-இல் டாக்டர் இதைக் கண்டுபிடித்தபோது அவளுக்கு 33 வயது. வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் இது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடங்காது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. தோசை திருப்ப என்னைக் கூப்பிடுவாள்.

மெத்தோட்ரெக்சேட், ஹைட்ராக்சிகுளோரோகுவின், சல்ஃபாசலசின் என்று நாலு வருஷம் ஓடியது. பாதி அடங்கியது, பாதி அடங்கவில்லை. 2018-இல் பயாலஜிக் ஊசிக்கு மாறினோம். அடாலிமுமாப் என்று பெயர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, தொடையிலோ வயிற்றிலோ தானே போட்டுக்கொள்ளலாம். அழற்சியைக் கிளப்பிவிடுகிற டி.என்.எஃப் என்ற புரதத்தைப் பிடித்துக் கட்டிப்போடுவதுதான் இதன் வேலை. 2014 டிசம்பரில் ஸைடஸ் நிறுவனம் இந்த மருந்தின் பயோசிமிலரை உலகிலேயே முதலாக இந்தியச் சந்தையில் கொண்டு வந்தது. அப்படி ஒன்று வந்திருக்காவிட்டால் என்னைப் போன்ற சம்பளக்காரன் இந்தப் பக்கமே போயிருக்க முடியாது. வந்தும், மாதம் இரண்டு ஊசி என்பது எங்கள் வீட்டுக் கடன் தவணைக்குப் பக்கத்தில் நிற்கிற செலவு. நாலாவது மாதம் அவள் ஃப்ளாட் வாசலில் மறுபடி கோலம் போட்டாள். புள்ளி வைத்த கோலம்.

நாலு வருஷம் எல்லாம் நன்றாகப் போனது. 2022 ஏப்ரலில் பெண்ணுக்கு ப்ளஸ் ஒன், கூடவே நுழைவுத்தேர்வுக் கோச்சிங். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து, பழைய கவரின் பின்பக்கம் வருஷ பட்ஜெட் போட்டேன். பி.காம் படித்தவன் புத்தி, பெரிய தொகையை முதலில் எழுதுவேன். வாய் விட்டுப் படித்தேன். "ஊசி... இதுதான்மா பெருசா இருக்கு." அவ்வளவுதான் சொன்னேன். நிறுத்து என்று சொல்லவில்லை. குறை என்றும் சொல்லவில்லை.

ஜூன் மாதத்திலிருந்து அவள் மாதம் ஒரு ஊசிதான் போட்டிருக்கிறாள். அக்டோபரிலிருந்து அதுவும் இல்லை. நான் மாதாமாதம் ஊசிக்கென்று கொடுத்த பணம், என் கிளைக்கு எதிர்த் தெருவில் இருக்கிற வேறொரு வங்கியில் பெண் பெயரில் ஆர்.டி. ஆனது. ஜூனில் ஒரு ஊசி விலைக்கு ஒரு ஆர்.டி., அக்டோபரில் இன்னொரு ஊசி விலைக்கு இரண்டாவது ஆர்.டி. ஊரார் கணக்கையெல்லாம் நோண்டிப் பார்த்துக் கடன் கொடுக்கிற அதிகாரிக்குச் சொந்த வீட்டுக் கணக்கு தெரியவில்லை. சிரிக்கலாம், நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிக்கவில்லை.

2023 பிப்ரவரியில் ஒரு காலை அவளால் கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. இரண்டு முழங்கால், வலது மணிக்கட்டு, விரல் எல்லாம் பொங்கிவிட்டது. ஸ்டீராய்டு கொடுத்து அடக்கி, மறுபடி நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை எல்லாம் முடித்து, மார்ச்சில் ஊசியை மறுபடி தொடங்கினோம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போதுதான் சொன்னாள். "நான் நல்லாத்தானேங்க இருந்தேன். அம்மாவும் அதத்தானே சொன்னாங்க. நீங்களும் அன்னைக்குக் கணக்கு எழுதும்போது..." முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

நோய் அடங்க அந்த வருஷம் தீபாவளி ஆகிவிட்டது. வலது மணிக்கட்டு மட்டும் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அந்த எலும்பு அரிப்பு திரும்பச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு ஆர்.டி.யும் முதிர்ந்தது. அந்தப் பணத்தை எடுக்க எங்கள் இருவருக்கும் ரொம்ப நாள் மனசு வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். "நல்லா இருக்காளே" என்கிற வாதத்தில் எங்கே ஓட்டை?

நல்லா இருப்பது மருந்தினால். டேம் கட்டி வெள்ளம் வரவில்லை என்றதும் டேமை இடிப்பார்களா? இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் ஆளை ஏமாற்றுகிற இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்த மருந்து நிறுத்திய மறுநாளே உடம்பை விட்டுப் போய்விடாது. அடாலிமுமாப் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முழுக்க வெளியேற மாதக்கணக்கு. அதற்கு அப்புறமும் நோய் மெதுவாகத்தான் தலை தூக்கும். நடுவில் இருக்கிற அந்த மாதங்களில் "பாத்தியா, நிறுத்தி மூணு மாசமாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று ஊரே சாட்சி சொல்லும். அது பழைய மருந்தின் மிச்சத்தில் ஓடுகிற வண்டி. தவணை கட்டாமல் விட்டவர் "வீடு இன்னும் அங்கேதானே சார் நிக்குது" என்பார். 90 நாள் தாண்டினால் அந்தக் கணக்கு வாராக்கடன். வீடு நிற்பதற்கும் கணக்கு நன்றாக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

இது என் வீட்டு ஒரு கதை மட்டும் இல்லை. முறைப்படி ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 2013-இல் லான்செட் இதழில் வந்த பிரிசர்வ் ஆய்வில், எடனர்செப்ட் என்ற இன்னொரு டி.என்.எஃப் மருந்தில் நோய் அடங்கியவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் மெத்தோட்ரெக்சேட் தொடர்ந்தது. ஊசியை முழு அளவில் தொடர்ந்தவர்களில் 82.6 சதவீதம் பேருக்கு ஆய்வின் முடிவில் நோய் கட்டுக்குள் இருந்தது. பாதி அளவுக்குக் குறைத்தவர்களில் 79.1 சதவீதம். அடியோடு நிறுத்தியவர்களில் 42.6 சதவீதம்தான். நார்வேயில் நடந்த ஆர்க்டிக் ரீவைண்ட் ஆய்வில், ஒரு வருஷத்துக்கு மேல் நோய் அடங்கியிருந்தவர்களுக்கு ஊசியை முதலில் பாதியாக்கி, பிறகு நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்குள் 63 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. அப்படியே தொடர்ந்தவர்களில் 5 சதவீதம். ஆறுதல் என்னவென்றால், மருந்தை மறுபடி முழு அளவில் தொடங்கியதும் பெரும்பாலானவர்கள் பழைய நிலைக்கு வந்தார்கள். அவர்கள் கண்காணிப்பில் இருந்தவர்கள், உடனே பிடித்துவிட்டார்கள். என் வீட்டில் ஒளித்து வைத்தது நடந்ததால் பிடிக்க நாள் ஆனது.

முதுகெலும்பைத் தாக்குகிற ஸ்பாண்டிலோ ஆர்த்ரைட்டிஸிலும் இதே கதைதான். சர்டோலிசுமாப் என்ற மருந்தை வைத்து நடந்த சி-ஆப்டிமைஸ் ஆய்வில், முழு அளவில் 83.7 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். பாதி அளவில் 79 சதவீதம். நிறுத்தினால் 20.2 சதவீதம்.

இந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். முழு அளவுக்கும் பாதி அளவுக்கும் வித்தியாசம் கொஞ்சம். பாதிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில்தான் பள்ளம். அதாவது மருந்தைக் குறைக்க இடம் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது.

அந்த முறைக்கு நல்ல உதாரணம் நெதர்லாந்தின் ட்ரெஸ் ஆய்வு, 2015. 180 பேர், 18 மாதம். ஊசிக்கும் ஊசிக்கும் இடையில் உள்ள நாளை மூன்று மாதத்துக்கு ஒரு படியாக நீட்டினார்கள். நோய் தலைகாட்டினால் உடனே பழைய இடைவெளிக்குத் திரும்பினார்கள். குறைத்துப் பார்த்த குழுவில் 20 சதவீதம் பேரால் நிறுத்தவே முடிந்தது. 43 சதவீதம் பேருக்கு இடைவெளியை நீட்ட முடிந்தது. 37 சதவீதம் பேருக்குக் குறைக்கவே முடியவில்லை. சின்னச் சின்ன நோய்க் கிளர்ச்சிகள் இவர்களுக்கு அதிகம் வந்தன. நீண்ட, பெரிய கிளர்ச்சிகள் இரண்டு குழுவிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 12-க்கு 10 சதவீதம்.

வங்கிக்காரனுக்கு இது புரிகிற பாஷை. கடனாளி வந்து எதிரில் உட்கார்ந்து, நிலைமையைச் சொல்லி, தவணையைத் திருத்தி எழுதி, மாதாமாதம் கணக்குக் காட்டுவது ஒன்று. போனை எடுக்காமல் தவணையை விடுவது இன்னொன்று. இரண்டிலும் அந்த மாதம் கட்டுகிற பணம் குறைவுதான். ஆனால் இரண்டும் ஒன்று என்று எந்த மேனேஜரும் சொல்ல மாட்டான்.

இனி எதிர்வாதங்கள். "இந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாமே, டி.பி. வருமாமே?" உண்மை, வரலாம். நம் நாட்டில் பலர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஊசி தொடங்கும் முன் எக்ஸ்ரேயும் மேன்டூ அல்லது ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். கடும் காய்ச்சல், நிமோனியா போன்ற தொற்று வந்தால் அது தீரும்வரை ஊசியைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பெரிய ஆபரேஷனுக்கு முன்னாலும் தேதி பார்த்துத் தள்ளுவார்கள். உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் கூடாது. இத்தனையும் டாக்டருக்குத் தெரிந்து செய்கிற தற்காலிக நிறுத்தம். பயந்து போய் நாமே போடுகிற முற்றுப்புள்ளிக்கு இதைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். ஊசியை விட்டுவிட்டு நோய் பொங்கினால் கையில் கொடுப்பது ஸ்டீராய்டு. அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்காதா?

"ஊர்ல ஒரு வைத்தியர் இருக்கார், பொடி கொடுக்கிறார், ஒரே வாரத்துல நடக்க வைக்கிறார்." ஒரே வாரத்தில் மூட்டுவீக்கத்தை வற்ற வைக்கிற, பெயர் எழுதாத பொடி என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள். சித்த மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. லேபிள் இல்லாத பொட்டலத்தின் மேல் கிடையாது.

"வேணும்னா நிறுத்திட்டு, வந்தா மறுபடி போட்டுக்கலாமே?" பெரும்பாலும் முடியும், ஆனால் உத்தரவாதம் இல்லை. விட்டு விட்டுப் போட்டால் உடம்பு சில பயாலஜிக்குகளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். இன்ஃப்ளிக்ஸிமாப்பில் இது நன்றாகத் தெரிந்த பிரச்சினை. அப்புறம் அந்த மருந்து வேலை செய்யாது, அல்லது ஒவ்வாமை வரும். இடைப்பட்ட நாளில் அரித்த எலும்புக்கு ரீஃபண்டும் இல்லை.

சொந்தக்காரர்களை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐயா, "லைஃப் லாங்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் ஸ்டீராய்டை விட்டு, குறைந்தது ஆறு மாதமாவது நோய் அடங்கியிருந்தால் மருந்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறது. அமெரிக்கர்கள் 2021-இல் இன்னும் ஜாக்கிரதையாகச் சொன்னார்கள்: தொடர்வது நல்லது, குறைப்பது நிறுத்துவதைவிட மேல், படிப்படியாக நிறுத்துவது திடீரென்று நிறுத்துவதைவிட மேல். இந்த ஏணியை நோயாளிக்குச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். சொல்லாவிட்டால் அவர்கள் வீட்டில் தாங்களே ஒரு ஏணி செய்வார்கள். அதில் படியே இருக்காது. "செலவு எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று ஒரு தடவை எங்களைக் கேட்டிருந்தால் 2022-இல் அவள் வாய் திறந்திருப்பாள்.

அடுத்தது பணம். காப்பீட்டு ஆணையம் 2019-இல் வெளியிட்ட நவீன சிகிச்சைகள் பட்டியலில் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசியும் உண்டு. படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்கு உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. நாங்கள் தனியாக எடுத்த பாலிசியில் வீட்டில் தானே போட்டுக்கொள்கிற ஊசிக்குச் சல்லிக்காசு பெயரவில்லை, படுக்கையில் சேர்ந்தால்தானாம். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவில் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன் எல்லாம் இருந்தன. முடக்குவாதம் இல்லை. வலியில்லாமல் நடமாட வைக்கிற ஊசிக்கு உதவி கிடையாது. முடங்கிப் படுத்தால் உண்டு. இதை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன். என் மாமனாருக்கு ஸ்டென்ட் வைத்து 9 வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மாத்திரை. நன்றாக இருக்கிறார், தினம் வாக்கிங் போகிறார். "நல்லாத்தானே இருக்கார், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று மாமியார் ஒரு நாளாவது கேட்டாரா? என் பி.பி. மாத்திரையை யாராவது கேட்டார்களா? வீட்டு பட்ஜெட்டில் வெட்டு விழ வேண்டும் என்றால் முதலில் விழுவது அம்மாவின் மருந்தில்தான். பல வீடுகளில் கத்தியை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம், அதற்கு "சிக்கனம்" என்று பேரும் வைக்கிறோம். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து, கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாத ஊரில், அவள் இரண்டு கையை நம்பித்தான் எல்லாம் ஓடுகிறது. பி.காமில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள், மெஷினைப் பராமரிக்காமல் மிச்சம் பிடித்த காசு லாபம் ஆகாது என்று. ஆனால் மனைவியை மெஷினோடு ஒப்பிட்டுத்தான் இது எனக்குப் புரிகிறது என்றால், குற்றம் என்னிடம்தான்.

இன்றைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். நோய் முழுசாக ஒரு வருஷம் அடங்கியிருந்த பிறகு, 2025 ஜனவரியில் டாக்டரே பேச்சை எடுத்தார். ஊசி மூன்று வாரத்துக்கு ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மூட்டுகளை எண்ணிப் பார்ப்பது, ரத்தத்தில் சி.ஆர்.பி. ஆகஸ்டில் நாலு வாரமாக நீட்டினோம். நவம்பரில் காலை விறைப்பு எட்டிப் பார்த்தது, ஸ்கேனிலும் தெரிந்தது. அன்றைக்கே மூன்று வாரத்துக்குத் திரும்பினோம். அடங்கிவிட்டது. வருஷத்துக்கு 26 ஊசி இப்போது 17. மிச்சமாகிற 9 ஊசிப் பணம் நேர்மையான மிச்சம், யாருக்கும் தெரியாமல் ஆர்.டி. போட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் என் வேண்டுகோள் இதுதான். குறைக்க ஆசை இருந்தால் டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள், செலவு காரணம் என்றால் வெட்கப்படாமல் அதையும் சொல்லுங்கள். திரும்ப வந்தால் என்ன செய்வது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றல் வந்தால் புது ஊரில் ரூமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்கும்வரை எதையும் மாற்றாதீர்கள். கோடை விடுமுறைக்கு ரயிலில் ஊருக்குப் போகும்போது ஊசியை ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள், ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, நாக்பூர் பிளாட்பாரத்தின் மே மாத வெயிலைத் தாங்காது. "தூக்கிட்டுப் போறது தொந்தரவு, ஒரு ஊசிதானே" என்று விடுவதும் நிறுத்துவதுதான்.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஊசி போட்ட நாளில் அவள் ஒரு வட்டம், நான் ஒரு கையெழுத்து. பேங்க் வழக்கப்படி இரட்டைக் கையொப்பம் :-)

போன ஞாயிறு மாமியார் மறுபடி கேட்டார். நான் பேசவில்லை, போனைத் தங்கமணியிடம் கொடுத்தேன். "அம்மா, அப்பாவுக்கு மாத்திரைய நிறுத்திட்டியா?" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

பி.கு.: நான் பேங்க் ஆபீசர், டாக்டர் இல்லை. எங்கள் மூன்று வாரக் கணக்கை உங்கள் வீட்டில் காப்பியடிக்காதீர்கள். அதைச் செய்தால் இவ்வளவு எழுதியதும் வீண்.